தண்ணீர்ப் பந்தலும் பரிசு மேடையும்

தீபாவளித் திருநாள் நெருங்கும் காலத்திலும், அதனை அடுத்து ஆண்டு நிறைவுறும் விடுமுறைக் காலத்திலும் கிள்ளான் பள்ளத்தாக்கு எங்கணும் அறநிதி விருந்துகள் நடைபெறுதல் வழக்கமாகிவிட்டது. பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் நடைபெறுதல் போன்றே நம் செலாயாங் வட்டாரத்திலும் அவை நடைபெறுகின்றன. மண்டபத்தை அணிசெய்து, இசையும் நடனமும் அமைத்து, வருவோரிடம் விளையாட்டுப் பொருள்களும் நன்கொடையும் திரட்டி, இல்லங்களில் வளரும் சிறுவர்க்கும் வறிய குடும்பத்துப் பிள்ளைகட்கும் வழங்குகின்றனர். இப்பணியில் ஈடுபடுவோர் தம் வேலையையும் ஓய்வையும் விடுத்து உழைக்கும் நல்லுள்ளத்தினர். அவர்தம் உழைப்பைக் குறைத்துரைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று.

ஆயினும் பெற்றோரும் ஆசிரியரும் மாணவமணிகளும் ஒருங்கே எண்ணிப் பார்க்கவேண்டிய வினா ஒன்றுண்டு. பெயர் கூவி அழைக்கப்பட்டு, மேடையேறி, பிரமுகர் ஒருவர் கையால் பொம்மையைப் பெற்று, படம் எடுக்கும் வரையில் அசையாது நிற்கும் அந்தப் பிள்ளையின் உள்ளத்தில் என்ன ஓடுகிறது? பொம்மை கிடைத்த மகிழ்ச்சி ஒருபுறம் இருக்கட்டும். "நான் இல்லாதவன் என்பதை இத்தனை பேரும் அறிந்துகொண்டனர்" என்னும் கூச்சம் மற்றொருபுறம் இராதா? ஏழு வயதுப் பிள்ளைக்கு அதனைச் சொல்லத் தெரியாமற் போகலாம். உணரத் தெரியாமற் போகாது.

கொடுக்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் நாம் காட்டும் கவனத்தைக் கொடுக்கும் முறையிலும் காட்டவேண்டும் என்பதே என் கருத்து. எல்லார்க்கும் பொதுவாக வைக்கப்பட்ட ஒன்றை எடுத்துக்கொள்வதில் எவர்க்கும் நாணமில்லை. தனியே பிரித்து நிறுத்தித் தரப்படும் ஒன்றிலோ நாணம் கலந்தே இருக்கும். இவ்வேறுபாட்டை நாம் உணர்ந்துகொண்டால், விடுமுறைக் கால ஈகை இன்னும் சிறந்த வடிவம் பெறும்.

விளையாட்டும் வேண்டற்பாலதே

"உண்ண அரிசியும் உடுக்கத் துணியும் கொடுத்தால் போதாதா? பொம்மை எதற்கு?" என்று வினவுவோர் சிலர் உளர். அவர்க்கு நம் இலக்கியமே விடை கூறும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில், காவிரிப்பூம்பட்டினத்து வீட்டு முற்றம் ஒன்று காட்டப்படுகிறது. அங்கே உலரும் உணவைக் கவர வரும் கோழியை ஓட்டுதற்கு மங்கையர் தம் காதணியைக் கழற்றி எறிகின்றனர். அவ்வணி, குதிரையின்றிச் சிறுவர் உருட்டிச் செல்லும் மூன்று சக்கரச் சிறுதேரின் வழியில் கிடந்து தடுக்கிறதாம். நகரின் வளத்தைப் பாடவந்த புலவர் பொன்னைப் பாடும்போதே பிள்ளையின் விளையாட்டுத் தேரையும் உடன் வைத்துப் பாடினார். பிள்ளைத்தமிழ் நூல்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரித்தபோது, ஆண்பாற் பிள்ளைக்குச் சிறுபறையும் சிற்றிலும் சிறுதேரும், பெண்பாற் பிள்ளைக்கு அம்மானையும் ஊசலும் பருவங்களாகவே அமைந்தன. விளையாட்டு நம் முன்னோர்க்கு வீண்பொழுதாகத் தோன்றவில்லை. வளர்ச்சியின் படியாகவே தோன்றிற்று.

தோட்டப்புறங்களில் வாழ்ந்த நம் பாட்டன் பாட்டியர் கடையில் வாங்கிய பொம்மையைக் கண்டதரிது. ஆயினும் அவர்கள் விளையாடாமல் வளரவில்லை. பம்பரமும் கோலியும் ஐந்தாங்கல்லும் பல்லாங்குழியும் அவர்க்குப் போதுமாயிருந்தன. பல்லாங்குழியை ஒத்த ஆட்டத்தை மலாய் மக்கள் சொங்காக் என்று வழங்குவர். ஒரே வகை ஆட்டத்தை இரண்டு மொழிகளில் பெயரிட்டு அண்டை வீட்டுப் பிள்ளைகள் ஆடி வந்திருக்கின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

ஐக்கிய நாட்டு நிறுவனம் 1989ஆம் ஆண்டு ஏற்றுக்கொண்ட குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று கூறுகிறது. நம் மலேசியத் திருநாடு 1995இல் அவ்வுடன்படிக்கையில் இணைந்தது. உரிமை என்று ஒன்றை ஒப்புக்கொண்டபின், அதனைப் பிச்சை இடுவது போல் இடுதல் பொருந்துமா என்பதையும் நாம் எண்ணவேண்டும்.

ஒரு பொம்மையில் தொடங்கிய பணி

விடுமுறைக் காலத்தில் விளையாட்டுப் பொருள் திரட்டும் பணிகளுள் உலகம் நன்கறிந்த ஒன்று அமெரிக்க நாட்டில் தோன்றியது. 1947ஆம் ஆண்டு, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், மரீன் சேமப்படையைச் சேர்ந்த மேஜர் பில் ஹென்ட்ரிக்ஸ் என்பாரின் துணைவியார் டயேன் தம் கையால் ஒரு துணிப்பொம்மை செய்தார். அதனை வறிய பிள்ளைகட்கு வழங்கும் அமைப்பு ஒன்றிடம் ஒப்படைக்குமாறு கணவரிடம் கூறினார். தேடிப் பார்த்த கணவர், அத்தகைய அமைப்பு எதனையும் காணவில்லை. "இல்லையெனில் நாமே தொடங்குவோம்" என்று துணிந்து, தம் படைத் தோழர்களுடன் அவ்வாண்டிலேயே 5,000 விளையாட்டுப் பொருள்களைத் திரட்டினார். 'டாய்ஸ் ஃபார் டாட்ஸ்' என்னும் பெயரில் அப்பணி மறு ஆண்டே நாடு முழுவதும் பரவியது.

இவ்வரலாற்றில் நாம் கற்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1979ஆம் ஆண்டு வரை அவர்கள் பழைய பொம்மைகளையும் வாங்கி, பழுது பார்த்து, வண்ணம் தீட்டிக் கொடுத்தனர். 1980 முதல் புதியவற்றை மட்டுமே ஏற்பது என்று முடிவு செய்தனர். பழுது பார்க்கப் படையினர்க்கு நேரம் வாய்க்காமையும், பாதுகாப்புப் பற்றிய கவலையும் அம்முடிவுக்குக் காரணங்கள். அவற்றோடு மற்றொரு காரணமும் இருந்தது. பிறர் வேண்டாவென்று கழித்ததைப் பெறும் பிள்ளை தன்னையே தாழ்வாக எண்ணக்கூடும் என்பதே அது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் நல்லெண்ணத்துடன் பணியாற்றிய பின்னரும் தம் முறையை ஆராய்ந்து திருத்திக்கொள்ள அவர்கள் தயங்கவில்லை. அவர்கள் பொருளைத் திருத்தினர். நாம் முறையைத் திருத்தினால் என்ன?

விருந்தின் கணக்கும் மொய்யின் கணக்கும்

முதற்கண் விருந்தின் கணக்கைச் சற்று பார்ப்போம். ஒரு விருந்தில் 30 மேசைகள், மேசைக்குப் 10 பேர், தலைக்கு 100 வெள்ளி நுழைவுச்சீட்டு என்று வைத்துக்கொள்வோம். வரவு 30,000 வெள்ளி. உணவுக்குத் தலைக்கு 50 வெள்ளி வீதம் 15,000 வெள்ளி போய்விடும். மண்டபம், ஒலிபெருக்கி, மேடை அணி, பொன்னாடை, மாலை, நினைவுப் பரிசு ஆகியவற்றிற்கு 8,000 வெள்ளி என்று கொண்டால், பிள்ளைகட்கு எஞ்சுவது 7,000 வெள்ளியே. வந்தோர் கொடுத்த ஒவ்வொரு வெள்ளியிலும் ஏறத்தாழ இருபத்துமூன்று காசு மட்டுமே பிள்ளையைச் சென்றடைகிறது. இஃது உதாரணக் கணக்கேயாயினும், நன்கொடை தருவோர் ஒவ்வொருவரும் இவ்வாறு ஒரு கணக்கைக் கேட்டறிதல் நன்று. ஏற்பாட்டாளரும் கேட்கும் முன்பே அதனை வெளியிடுதல் மிக நன்று.

அடுத்து, பெயர் வாசிக்கும் வழக்கத்தைப் பார்ப்போம். நம் திருமணங்களில் மொய் எழுதுதல் பழைய வழக்கம். இன்னார் இவ்வளவு என்று ஏட்டில் பதிவர். உரக்கப் படிப்பதும் உண்டு. அதில் குற்றம் ஏதும் இல்லை. ஏனெனில் மொய் என்பது திருப்பிச் செய்யவேண்டிய ஒன்று. நாளை அவர் வீட்டுத் திருமணத்தில் நாம் அதே அளவேனும் செய்தல் முறை. ஆகவே பெயரும் தொகையும் தெரிந்தாகவேண்டும். ஈகையோ திரும்பி வாராத ஒன்று. திருக்குறளின் 23ஆம் அதிகாரமாகிய ஈகை, தொடக்கத்திலேயே இவ்வேறுபாட்டை வரையறுத்துவிடுகிறது: இல்லாதவர்க்கு ஈவதே ஈகை, ஏனைய யாவும் அளவு குறித்துத் திரும்பப் பெறும் கொடுக்கல் வாங்கலின்பாற்படும் என்பது வள்ளுவர் கருத்து. ஈகை நிகழ்ச்சியில் பெயரும் தொகையும் ஒலிபெருக்கியில் முழங்கும்போது, அஃது மெல்ல மொய்யாகிவிடுகிறது. பிள்ளையிடம் நாம் எதனைத் திரும்பப் பெறுகிறோம்? அதன் படத்தைப் பெறுகிறோம். அதன் நன்றிப் புன்னகையைப் பெறுகிறோம். சிறு பொம்மைக்கு அது மிகப் பெரிய விலையன்றோ!

அதே அதிகாரத்தில் வள்ளுவர் கூறும் மற்றொரு கருத்தும் ஈண்டு நினையத்தக்கது. இரந்து நிற்பது மட்டுமன்று, இரக்கப்படுவதும் துன்பமே. பெற்றவர் முகம் மலர்வதைக் காணும் வரையில் அத்துன்பம் நீங்காது என்கிறார் அவர். முகமலர்ச்சியே அளவுகோல். மேடையில் கூசி நிற்கும் முகத்தில் அம்மலர்ச்சி இருக்கிறதா என்று கொடுப்போர் உற்று நோக்கல் வேண்டும்.

பிள்ளையின் மானம்

பெரியோர் தம் வறுமையை வெளியிடக் கூசுவர் என்பதை அண்மைக் காலத்தில் நாமே கண்டோம். 2020ஆம் ஆண்டு ஏப்ரலில், கொரோனா நோய்ப் பரவலின்போது, செலாயாங் மொத்தச் சந்தையைச் சூழ்ந்த பகுதிகள் கடுமையான நடமாட்டக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தன. நாட்கூலியை நம்பி வாழ்ந்தோர் எத்துணை இடர்ப்பட்டிருப்பர் என்பதைச் சொல்லவேண்டுவதில்லை. மறு ஆண்டு, 2021 ஜூன் இறுதியில், உதவி வேண்டுவோர் வீட்டு வாயிலில் வெள்ளைக்கொடி கட்டுமாறு கூறும் இயக்கம் நாடெங்கும் எழுந்தது. "கொடி ஏற்றுவதில் வெட்கமில்லை" என்று பலரும் எடுத்துக் கூறவேண்டியிருந்தது. அவ்வாறு கூறவேண்டியிருந்ததே, வெட்கம் இருந்தது என்பதற்குச் சான்று. உழைத்து வாழ்ந்த பெரியவர்க்கே அக்கொடியைக் கையில் எடுப்பது அரிதாயிருந்தது எனின், சிறுபிள்ளையின் கையில் நாமே கொடியைக் கொடுத்து மேடையில் நிறுத்துதல் முறையோ?

நம் நாட்டுச் சட்டமும் இதில் கருத்துச் செலுத்தியுள்ளது. 2001ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம், நீதிமன்ற விசாரணைக்கு உட்பட்ட அல்லது சட்டப் பாதுகாப்பில் வைக்கப்பட்ட பிள்ளையின் பெயரையோ படத்தையோ செய்தி ஏடுகள் வெளியிடுவதைத் தடை செய்கிறது. இல்லங்களில் வளரும் பிள்ளைகளுள் இத்தகையோரும் இருக்கக்கூடும். சட்டம் சிலரைக் குறித்துக் கூறியதன் உட்பொருளை நாம் எல்லாப் பிள்ளைகட்கும் விரித்துக்கொள்ளலாம். இன்று எடுக்கும் படம் நாளை மறைந்துவிடுவதில்லை. கைப்பேசியில் ஏறிய படம், அப்பிள்ளை வளர்ந்து வேலை தேடும் காலத்திலும் எங்கோ இருந்துகொண்டிருக்கும்.

பத்துமலை கற்பிக்கும் பாடம்

வேறு எவ்வாறு கொடுப்பது என்று கேட்போர் தொலைவு செல்லவேண்டியதில்லை. செலாயாங் நகராண்மை எல்லைக்குள்ளேயே இருக்கும் பத்துமலையை நோக்கினால் போதும். அங்கே 1892 முதல் தைப்பூசம் கொண்டாடப்பட்டு வருகிறது. அந்நாள்களில் வழியெங்கும் தண்ணீர்ப் பந்தல்கள் எழும். மோரும் பானகமும் தண்ணீரும் உணவும் ஆங்கே இலவசமாக வழங்கப்படும்.

அப்பந்தலின் முன் நடப்பதைச் சற்றுக் கூர்ந்து நோக்குங்கள். காரில் வந்தவரும் அதே குவளையில் அருந்துகிறார். பேருந்தில் வந்தவரும் அதே குவளையில் அருந்துகிறார். "உன் வருமானம் என்ன?" என்று எவரும் கேட்பதில்லை. மருத்துவரும் துப்புரவுத் தொழிலாளியும் ஒரே வரிசையில் கை நீட்டுகின்றனர். தாகம் என்பது அனைவர்க்கும் பொது; ஆகவே மோரும் அனைவர்க்கும் பொது. அங்கே பெறுவோர் எவரும் தாழ்ந்தவராவதில்லை. காலையில் மோர் பெற்றவரே மாலையில் வேறொரு பந்தலில் நின்று வழங்குவதும் உண்டு. கொடுத்தலும் பெறுதலும் இடம் மாறிக்கொண்டே இருக்கும் இவ்வரிய முறையை நம் மக்கள் எந்தப் பல்கலைக்கழகத்திலும் கற்கவில்லை. வழிவழியாக அறிந்து செய்து வருகின்றனர்.

அரசின் உதவியிலும் இதே நெறிக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பள்ளித் தொடக்கக் கால உதவித்தொகை முன்னர்க் குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளைகட்கு மட்டும் வழங்கப்பட்டது. 2023ஆம் ஆண்டு முதல் வருமான வரம்பு நீக்கப்பட்டு, மாணவர் அனைவர்க்கும் 150 வெள்ளி என்றானது. வசதி உடையோர்க்கும் கொடுப்பது வீண் செலவு என்போர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. எனினும் வகுப்பறையில் "உதவி பெறுவோர் எழுந்து நில்லுங்கள்" என்று கூறும் நிலை அதனால் மறைந்தது. அதன் பயனைப் பணத்தால் அளத்தல் இயலாது.

பந்தலை நம் பள்ளிக்குள் கொண்டுவருவோம்

பொம்மைகளையும் இவ்வாறு பொதுவாக்க இயலுமா? இயலும். அதற்கும் வரலாறு உண்டு. டயேன் அம்மையார் பொம்மை தைத்த அதே லாஸ் ஏஞ்சல்சில், அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு, 1935இல், விளையாட்டுப் பொருள்களை நூல்களைப் போல் இரவல் தரும் நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. கடையில் சிறு பொருள்களைத் திருடிய சிறுவர் சிலர், விளையாட ஒன்றுமில்லாமையாலேயே அவ்வாறு செய்தனர் என்பதை அறிந்த பெரியோர், தண்டிப்பதை விடுத்து இவ்வழியைக் கண்டனர் என்பர். இன்று விளையாட்டுப் பொருள் நூலகங்கள் பல நாடுகளில் இயங்குகின்றன.

நம் தமிழ்ப்பள்ளிகள் ஒவ்வொன்றிலும் இத்தகைய நூலகம் ஒன்று அமைக்கலாம். விடுமுறை விருந்தில் திரளும் பொருள்கள் அதன் முதற் செல்வமாகட்டும். வேண்டுவன மிகச் சில: பூட்டுடன் கூடிய ஓர் அலமாரி, ஒரு பதிவேடு, வாரம் அரைமணி நேரம் ஒதுக்கும் ஓர் ஆசிரியர், பொறுப்பேற்கும் ஆறாம் ஆண்டு மாணவர் சிலர். சதுரங்கம், கேரம், பல்லாங்குழி, கட்டுமானக் கட்டைகள், படத்துண்டு இணைப்பு, பூப்பந்து மட்டை ஆகியவற்றிற்கு எண்ணிட்டு வைப்போம். வெள்ளிக்கிழமை எடுத்துச் சென்று இரண்டு வாரத்தில் திருப்பித் தருதல் விதி. தலைமையாசிரியர் மகளும் எடுப்பாள். கூலித் தொழிலாளி மகனும் எடுப்பான். யார் வீட்டில் பொம்மை இல்லை என்பது பதிவேட்டுக்கும் தெரியாது.

இரண்டு விதிகளை மட்டும் மறவாது சேர்த்தல் வேண்டும். ஒன்று, பொருள் உடைந்தால் தண்டம் இல்லை. தண்டம் உண்டெனில், மிகவும் தேவைப்படும் பிள்ளையே அஞ்சி ஒதுங்கிவிடும். மற்றொன்று, பாதுகாப்பு. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டின் விளையாட்டுப் பொருள் பாதுகாப்பு விதிகளின்படி, விற்பனைக்கு வரும் விளையாட்டுப் பொருள்கள் தரத்திற்கு உட்பட்டமையைக் காட்டும் எம்.சி. முத்திரையைத் தாங்கியிருத்தல் வேண்டும். அம்முத்திரையைப் பார்த்து வாங்குதல் நம் கடமை. மூன்று வயதிற்குட்பட்ட தம்பி தங்கையர் உள்ள வீட்டிற்குச் சிறு துண்டுகள் கொண்ட பொருள் செல்லாமல் பார்த்துக்கொள்ளவேண்டும். வட்டச் சிறு பேட்டரி உள்ளவற்றின் மூடி திருகாணியால் இறுக்கப்பட்டுள்ளதா என்பதையும் நோக்கவேண்டும். விழுங்கப்பட்ட பேட்டரி உயிர்க்கே ஊறு செய்யும்.

இல்லத்துப் பிள்ளைகள்

"இரவல் பொருள் போதுமா? தனக்கென ஒன்று வேண்டாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உடையும் கட்டிலும் தட்டும் பொதுவாக அமைந்த இல்லத்தில் வளரும் பிள்ளைக்குத் தன் பெயர் எழுதிய ஒரு பொருள் பெருஞ்செல்வம். அத்தகைய பிள்ளைகட்கு நாம் செய்யவேண்டுவது வேறு. இல்லப் பொறுப்பாளரிடம் முன்கூட்டியே பேசி, ஒவ்வொரு பிள்ளையும் எதனை விரும்புகிறது என்று அறிந்து, அதனை வாங்கி, அவரிடமே ஒப்படைத்துவிடலாம். தீபாவளிக் காலையில் தன்னை வளர்ப்பவர் கையாலேயே அப்பிள்ளை அதனைப் பெறட்டும். வறிய குடும்பத்துப் பிள்ளைக்கும் இதுவே முறை. பரிசைப் பெற்றோரிடம் அமைதியாகச் சேர்ப்பித்தால், அது தந்தையும் தாயும் தந்த பரிசாகும். தம் பிள்ளைக்குத் தாமே கொடுத்தோம் என்னும் பெருமையையும் சேர்த்தே அப்பெற்றோர்க்கு நாம் வழங்கியவராவோம்.

மற்றொன்றும் நினைவிற் கொள்ளவேண்டும். விடுமுறைக் காலம் ஒரு மாதமே. பிள்ளைக்கோ ஆண்டு முழுவதும் பசிக்கும், ஆண்டு முழுவதும் பாடம் இருக்கும். இதனை நன்குணர்ந்து வாழ்ந்தோர் நம்மிடையே இருந்தனர். போருக்குப் பிந்திய ஆண்டுகளில் சுவாமி சத்தியானந்தர் நிறுவிய சுத்த சமாஜம், பூச்சோங் சாலையில் ஆதரவற்ற பிள்ளைகட்கு இல்லமாயிற்று. அவர் மறைந்தபின் அப்பணியைப் பல்லாண்டுகள் தாங்கி நடத்தியவர் அன்னை மங்களம். 2023ஆம் ஆண்டு மறையும் வரையில் அவர் தம் வாழ்நாளையே அப்பிள்ளைகட்கு வழங்கினார். ஒரு மாலைப்பொழுதை வழங்கும் நாம், வாழ்நாளை வழங்கியோரிடம் கற்கவேண்டுவன மிகப் பல. விருந்தில் திரளும் நிதியை ஒரே நாளில் செலவிட்டு முடிக்காமல், பன்னிரண்டாகப் பகுத்து மாதந்தோறும் பால்மாவுக்கும் பயிற்சி நூலுக்கும் பேருந்துக் கட்டணத்திற்கும் உதவச் செய்தல் அவற்றுள் ஒன்று.

கொடுக்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு

வறியவர் என்றும் பெறுபவராகவே இருப்பர் என்று எண்ணுதல் பெரும் பிழை. 1960ஆம் ஆண்டு துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடப்பட்ட தோட்டங்களை வாங்குதற்கு முதல் தந்தோர் யாவர்? மாதம் பத்து வெள்ளியாகச் செலுத்திப் பங்குதாரரான தோட்டத் தொழிலாளரே. 1950களில் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டி மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம் தேடியபோதும், எளிய உழைப்பாளர் தம் கூலியில் ஒரு பங்கை மனமுவந்து அளித்தனர். இன்று அப்பல்கலைக்கழகத்து இந்தியவியல் துறையில் பயில்வோர் அவர்தம் கொடையின் பயனையும் சேர்த்தே நுகர்கின்றனர்.

ஆகவே நம் விடுமுறை நிகழ்ச்சியில் இல்லத்துப் பிள்ளைகளையும் கொடுப்போர் வரிசையில் நிறுத்துவோம். அவர்கள் பாடலாம், நாடகம் நடிக்கலாம், தம் கையால் செய்த வாழ்த்தட்டையையும் காகிதப் பூவையும் விருந்தினர்க்கு வழங்கலாம். அன்று மேடையில் நிற்கும் பிள்ளை, கலைஞனாக நிற்கும். கைத்தட்டல் அதன் திறமைக்குக் கிடைக்கும். அம்முகத்தைப் படம் எடுக்கவேண்டுமெனில், காப்பாளரின் ஒப்புதலையும் அப்பிள்ளையின் விருப்பத்தையும் கேட்டபின் எடுப்போம்.

ஒரு தடை

"பெயர் வாசித்து, மாலை சூட்டிப் படம் எடுக்காவிடில் நன்கொடையாளர் வாரார்" என்பர் அனுபவமிக்க ஏற்பாட்டாளர். இக்கூற்றை எளிதில் ஒதுக்கிவிடல் ஆகாது. நன்கொடையாளர் இன்றி நிதி இல்லை. ஆயின் அவர்க்குச் சிறப்புச் செய்யவேண்டாவென்று யாம் கூறவில்லை. அவர்க்குப் பொன்னாடை போர்த்துங்கள். நன்றி மடல் எழுதுங்கள். வரவு செலவுக் கணக்கை அவர் கையில் கொடுங்கள். அச்சிறப்பை அவர்க்குச் செய்யும் வேளையில் அருகே ஒரு பிள்ளையைச் சான்றுப் பொருளாக நிறுத்த வேண்டா என்பதே வேண்டுகோள். பிள்ளையின் படம் இல்லாத காரணத்தால் கொடாது செல்வோர் சிலர் இருப்பின், அவர் கொடுக்க வந்தது எதன்பொருட்டு என்பதை அவரே சிந்திக்கட்டும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வகுப்பிலேயே, உங்கள் அருகிலேயே, புதிய பையும் பொம்மையும் இல்லாத தோழன் ஒருவன் இருக்கக்கூடும். அவனுக்கு ஒன்றைக் கொடுக்க விரும்பினால், பிறர் காணக் கொடாதீர்கள். "வா, சேர்ந்து விளையாடுவோம்" என்று அழையுங்கள். சேர்ந்து ஆடும் ஆட்டத்தில் பந்து எவருடையது என்று யாரும் கேட்பதில்லை.

பெற்றோரே! ஆசிரியப் பெருமக்களே! வருகின்ற விடுமுறைக்கு முன் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் இதனை எடுத்துப் பேசுங்கள். ஓர் அலமாரியும் ஒரு பதிவேடும் நமக்கு எட்டாத பொருள்களல்ல. பத்துமலை வழியில் ஆண்டுதோறும் எழும் பந்தலைப் போன்று, எவர் வந்தாலும் எடுத்து விளையாடத்தக்க பந்தல் ஒன்று நம் பள்ளியிலும் எழட்டும். கொடுத்தவர் பெயர் மறக்கப்பட்டாலும், பெற்ற பிள்ளையின் தலை நிமிர்ந்தே இருக்கட்டும்!